ஒரே பாட்டுல ஒண்ணும் வந்துடலை

ஆஸ்திரேலிய கன்ட்ரி பாடகி கேசி சேம்பர்ஸ் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு கதை ரெடியா இருக்கும். பொட்டல்காட்டுல வளர்ந்த பொண்ணு, 2002-ல ஒரே பாட்டு, ஓஹோன்னு நம்பர் ஒன்! கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடுப்பா வருதுங்க.

பொட்டல்காடு நிஜம்தான். கேசி 1976-ல பிறந்த கொஞ்ச வாரத்துலேயே குடும்பம் நல்லர்பார் சமவெளிக்குப் போயிடுச்சு. மரமே இல்லாத பூமி. அப்பா பில்லுக்கு நரி வேட்டைதான் பொழப்பு. ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்காந்தா அப்பா கையில கிடார், ஹேங்க் வில்லியம்ஸ் பாட்டு. பள்ளிக்கூடம் எதுன்னு கேட்டா, இதுதான் கேசிக்குப் பாட்டுப் பள்ளிக்கூடம்.

இதுக்கப்புறம் நடந்ததைத்தான் நம்ம ஆளுங்க அப்படியே முழுங்கிடறாங்க. 1992-ல அப்பா, அம்மா, அண்ணன் நாஷ் கூடச் சேர்ந்து 'டெட் ரிங்கர் பேண்ட்'. ஊர் ஊராக் கச்சேரி, வரிசையா ஆல்பம். 1999-ல முதல் தனி ஆல்பம் 'தி கேப்டன்'. தயாரிப்பு அண்ணன், கிடார் அப்பா. அந்த வருஷமே சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான 'அரியா' விருது. 2000-ல சிறந்த பாடகி விருது. ஆஸ்திரேலிய இசைத்துறையில இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஏது?

இவ்வளவுக்கும் அப்புறமும் வணிக ரேடியோக்காரங்க இவரைக் கண்டுக்கவே இல்லை. அந்த எரிச்சல்ல எழுதினதுதான் 'நாட் ப்ரெட்டி இனஃப்'. காதல் தோல்விப் பாட்டுன்னு நினைச்சு உருகறவங்க கவனிக்க: அதுல கேள்வி ரேடியோவைப் பார்த்து! அந்தப் பாட்டுதான் 2002-ல நம்பர் ஒன் ஆச்சு.

"எங்க நேயர்களுக்குக் கன்ட்ரி பிடிக்காது"ன்னு ரேடியோ சொல்லலாம். போட்டுக் காட்டாமலே பிடிக்காதுன்னு எப்படிங்க தெரியும்? போட்டாங்க, ஜனங்க வாங்கினாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

என் சண்டை இதுதான். "ஒரே ராத்திரியில ஸ்டார்"னு எழுதறது பாராட்டு மாதிரி தெரியும். ஆனா அது காப்பாத்தறது ரேடியோவைத்தான். ஒரே ராத்திரியில வந்தவங்கன்னா, அதுக்கு முன்னாடி யாரும் ஒதுக்கலைன்னு ஆயிடுதே! 1992-க்கும் 2002-க்கும் நடுவுல முழுசா பத்து வருஷம் இருக்கு சாமி.

நம்ம பதிவுகள்லயாவது அந்தப் பத்து வருஷத்தை எழுதுவோம். மறுக்கறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்முங்க. ஆனா 'தி கேப்டன்' ஆல்பத்தை முழுசாக் கேட்டுட்டு வாங்க.