எம்.எஸ்சி. மேத்ஸா? அப்போ டீச்சர்தானே!



"என்ன படிக்கிற?" "எம்.எஸ்சி. மேத்ஸ்." "ஓ, அப்போ டீச்சருக்குப் போகப்போற!" - நம்ம தூத்துக்குடியில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. கேட்டவருக்கு ஒரே திருப்தி. பதில் சொன்னவருக்குத் திருப்தியா என்று யாரும் பார்ப்பதில்லை.

டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். இருக்கிறது. தம்பி பாலிடெக்னிக், அக்கா கணிதம் என்று நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் நடக்கிறது. முதலாம் ஆண்டில் மெட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட் என்று நம்மை உருட்டிப் புரட்டி, அரியர் இல்லாமல் கரையேற்றியவர்களும் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர்கள்தான். அவர்கள் பிழைப்பைப் பற்றி நம்ம மலரில் ஒரு பக்கம் எழுதினால் குற்றமில்லை.

முதலில் வாத்தியார் வேலையையே எடுத்துக்கொள்வோம். அது மட்டமான வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வாசல் எவ்வளவு குறுகலானது? பட்டப்படிப்பு மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு வருஷம். அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்கணும். அரசு பாலிடெக்னிக்குகளுக்கு 1,058 விரிவுரையாளர்களை எடுக்க 2017-ல் ஒரு தேர்வு நடந்தது. மதிப்பெண்ணில் முறைகேடு என்று 2018-ல் அந்தத் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுதேர்வு எப்போது தெரியுமா? 2021 டிசம்பரில்! ராத்திரி பகலாகப் படித்து நேர்மையாக எழுதியவர்கள் அந்த நாலு வருஷமும் எதை வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள்? எங்க பெரியம்மா மகள் அந்தத் தேர்வை எழுதினவள். இன்றைக்கும் ஒரு தனியார் பள்ளியில் வேலை, சாயங்காலம் டியூஷன். சம்பளம் எவ்வளவுக்கா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

இவ்வளவு படித்தவர்களுக்கு வேறு வாசலே கிடையாதா? உண்டு. ஆனால் அந்த வாசல்களில் 'கணிதம்' என்று போர்டு மாட்டியிருக்காது. வேறு பெயரில் இருக்கும். இதை நம்ம ஊர் எம்.எஸ்சி. வகுப்பில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

கணிதம் படித்தவனுக்கு ஹார்பரில் என்ன வேலை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1912 மார்ச்சில் சென்னை போர்ட் டிரஸ்டில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். அவர் கதை எல்லோருக்கும் தெரியும், அப்போது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை என்பதும் தெரியும். நான் சொல்ல வந்தது அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரைப் பற்றி. அவர் கணிதம் எம்.ஏ.; திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஹார்பர் அலுவலகத்துக்கு வந்தவர். பகலில் கப்பல் கணக்கு, ராத்திரி ராமானுஜனோடு சிலேட்டில் வேறு கணக்கு. 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்த வி. ராமசாமி ஐயரும் டெபுடி கலெக்டர்தான். அதாவது நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் படித்தவர்கள் வாத்தியார் நாற்காலியை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஸ்பிக்! 1975 முதல் யூரியா மூட்டை போட்டு வரும் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அமைப்பு, 1989-ல் பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி தலைமையில் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கியது. அதுதான் இன்றைக்குச் சிறுசேரியில் உலகப் புகழோடு இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், சி.எம்.ஐ. தூத்துக்குடி உரம் விற்ற காசில் உயர்கணிதம் வளர்ந்திருக்கிறது என்றால் பாருங்களேன். ஆனால் இந்த ஊரிலேயே கணிதம் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஸ்பிக் கேட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எம்.எஸ்சி. பாடத்தில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் டிரான்ஸ்போர்ட்டேஷன் பிராப்ளம் வரும்: மூன்று தொழிற்சாலை, நாலு குடோன், எதிலிருந்து எதற்கு எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும்? க்யூயிங் தியரி வரும்: லாரி எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது, ஏற்றி இறக்க எத்தனை நிமிஷம், எத்தனை கவுன்டர் திறந்தால் வரிசை குறையும்? புத்தகத்தில் தொழிற்சாலைக்கு ஏ, பி, சி என்று பெயர். பாளையங்கோட்டை ரோட்டில் வகுப்பறையில் உட்கார்ந்து இதைப் போடுகிறார்கள். அதே ஊரில் வ.உ.சி. துறைமுகம் 2023-24-ல் 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டிருக்கிறது. கன்டெய்னரை எந்த அடுக்கில் வைத்தால் எடுக்கும்போது மேலே இருப்பதை நகர்த்த வேண்டியதில்லை, அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல் எந்த நாளில் வந்தால் யார்டில் இருப்புக் குறையாது, உப்பளத்தில் மழைக்கு முன்னால் எவ்வளவு வாரி எடுத்துவிடணும் - எல்லாமே அந்தப் பேப்பர்தான்! கணக்கு ஒரு பக்கம், லாரி வரிசை ஒரு பக்கம். நடுவில் ஒரு டவுன் பஸ் தூரம்கூட இல்லை.

மற்ற வாசல்களையும் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸில் ஆக்சுவரி என்று ஒரு வேலை. பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணிப்பவர். தேர்வுகள் ஏராளம், ஒவ்வொன்றாக வருஷக்கணக்கில் எழுதணும். அதனால்தான் முழுத் தகுதி பெற்றவர்கள் நாடு முழுக்கச் சில நூறு பேர்தான். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. டிகிரியில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருந்தால் எழுதலாம். கேட் தேர்வில் கணிதத்துக்கே தனிப் பேப்பர் உண்டு, அதை வைத்து எம்.டெக். போகலாம். ஆராய்ச்சிக்கு நெட் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாசம் 37,000 ரூபாய். டேட்டா சயின்ஸ் என்று இப்போது எல்லோரும் பேசுவதும் அடியில் புள்ளியியலும் மெட்ரிக்ஸும்தான். ஆனால் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதத் தெரியாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

குலசேகரப்பட்டினத்தையும் விட்டுவிட முடியுமா? 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும். சுற்றி வளைந்து போகணும், அதில் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேராகத் தெற்கே விடலாம். அந்த வளைவைக் கணக்கிடுவது கணிதம்தான். ஆனால் உண்மையைச் சொல்லணும்: இஸ்ரோ விளம்பரங்களில் பெரும்பாலும் பொறியியல் பட்டம்தான் கேட்கிறார்கள். வெறும் எம்.எஸ்சி.யோடு போய் நின்றால் ஏமாற்றம்தான். கூட இன்னொரு கைவேலை வேண்டும்.

அந்தக் கைவேலைக்குத்தான் நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. நமக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் உண்டு. கிரீஸ் கையோடு சில வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று நமக்குப் புரிகிறது. அதையே கணித மாணவர்களுக்கும் கொடுத்தால் என்ன? ஒரு மாசம் ஹார்பரிலோ, அனல் மின் நிலையத்திலோ, ஒரு ஷிப்பிங் ஏஜென்சியிலோ உட்கார்ந்து, லாரி வரவை மணி வாரியாக எழுதி, தங்கள் க்யூயிங் தியரியைப் போட்டுப் பார்க்கட்டும். கல்லூரி அதற்கு மார்க் கொடுக்கட்டும்.

"பொம்பளைப் பிள்ளைகளை ஹார்பருக்கு எப்படி அனுப்புறது?" என்று பெற்றோர் கேட்பார்கள், எம்.எஸ்சி. வகுப்பில் அவர்கள்தான் அதிகம். நம்ம வகுப்புத் தோழிகள் டிரெயினிங்குக்குப் போய் வரவில்லையா? "கணக்குப் படிச்சவங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று கம்பெனிக்காரர்களும் கேட்பார்கள். நம்மையும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தார்கள், பத்தாம் நாள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மாணவர் பேரவை இந்த வருஷம் ஒரு காரியம் செய்யலாம். நம்ம ரோட்டில் இருக்கும் கலைக் கல்லூரிகளின் கணிதத் துறைகளுக்கு ஒரு கடிதம் போட்டு, டிரெயினிங்குக்கு எங்கெங்கே கேட்கலாம், யாரைப் பார்க்கணும் என்று நமக்குத் தெரிந்த பட்டியலைக் கொடுக்கலாம். அனுமதிக் கடிதத்தின் மாதிரி ஆபீஸில் இருக்கிறது. அதில் 'மெக்கானிக்கல்' என்று இருக்கும் இடத்தில் 'கணிதம்' என்று மாற்றினால் போதும். டைப் அடித்துக் கொடுக்க நான் தயார்.