வெயில் கண்ணாடி போதாது

இலங்கையின் ஆலங்குடாவில் கடற்காற்றின் உப்பு இரும்பை வேகமாக அரிக்கும். அதனால்தான் கேட், கிரில் செய்ய நாகம் பூசிய குழாய்களுக்கு இங்கே மதிப்பு. அந்தப் பூச்சை உரசி எடுக்காமல் வெல்டிங் வைத்தால் வெண்புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். மறுநாள் தணிந்துவிடுவதால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள்.

கண்ணின் கதையும் இதேதான். வெயில் கண்ணாடியோடு பொறியைப் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் மணல் அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும், நீர் வழியும். மின்வில் வெல்டிங்குக்குப் பொதுவாக 10ஆம் எண்ணுக்குக் குறையாத வடிகண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கும்தான்.

2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புறஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்தது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அந்தப் புகையைத் தடுக்காது.

தொழிலாளர் பாதுகாப்புக்கான தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1942 முதல் இருக்கிறது. பக்கத்து நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் போன்ற பெரிய தளங்களில் கவசமின்றி வேலையைத் தொடங்கவே கூடாது. வீதியோர வெல்டிங் கடைக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

முகக்கவசம், தோல் கையுறை, புகைக்குரிய சுவாசக் கவசம், பருத்தி முழுக்கைச் சட்டை ஆகியவற்றின் செலவும் கூலிக்குள் அடங்க வேண்டும். கேட்டுக்கு விலை பேசும் வீட்டுக்காரர்களே, அந்தப் பணத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.