மேஜை சாப்பிடும் இடமல்ல

நெமிலியிலிருந்து தினம் பஸ் ஏறி ஆபீஸ் போகும் என் பேத்தியின் பையில் கப் நூடுல்ஸ். "வெந்நீர் ஊத்தினா போதும் தாத்தா, சௌகரியம்" என்கிறாள். யாருக்குச் சௌகரியம்?

நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீஸில் ஃபைல் கட்டை ஒதுக்கித்தான் டிபன் டப்பாவைத் திறப்போம். வீட்டுக்காரி விடியுமுன் எழுந்து கிளறிய புளிசாதம். நாலு வாய் போவதற்குள் ஜன்னலோரம் மனுவோடு ஒரு பெரியவர் நிற்பார். அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்குவேன். சோறு இறங்காது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சில் வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிடச் சட்டம் இடம் தரவில்லை. கொரோனாவுக்காக 2021-இல்தான் தளர்த்தினார்கள். நம் 1948 தொழிற்சாலைச் சட்டமும் 150 பேருக்கு மேல் வேலை செய்தால், கொண்டுவந்த சாப்பாட்டை உண்ணத் தனி அறை கேட்டது. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கு இருந்த அந்த விதி, எங்கள் ஆபீஸுக்கு இல்லை.

சாப்பாட்டைச் சுருக்காதீர்கள். தயிர்சாதமும் ஊறுகாயும் எப்போதும் சுலபம்தான். ஒரு பெஞ்சு, கை கழுவத் தண்ணீர், அரைமணி நேரம்: கேட்க வேண்டியது இவற்றைத்தான். நாங்கள் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.