விரிசல்களை மறைக்காத நாவல்

சினுவா அச்செபியின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' 1958-இல் வெளிவந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வாசிக்கக் கிடைக்கிறது. நிம்மதியாக இருந்த ஓர் ஆப்பிரிக்கச் சமூகத்தை வெள்ளைக்காரன் வந்து குலைத்தான் என்று இரண்டே வரியில் அதன் கதையைச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. நாவலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு இந்தச் சுருக்கம் உறுத்தும். மதபோதகர்கள் கதைக்குள் வருவதே பாதிக்கு மேல் கடந்த பிறகுதான். அதுவரை அச்செபி நமக்குக் காட்டுவது நைஜீரியாவின் இக்போ மக்களுடைய வாழ்க்கை: வள்ளிக்கிழங்குச் சாகுபடி, மல்யுத்தம், ஊர்க்கூட்டம், வழக்கு விசாரணை, பெண் கேட்கும் முறை. கூடவே, அந்த வாழ்க்கைக்குள் நசுங்கிக் கிடந்தவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. காலனியத்துக்கு எதிரான எழுத்தில் இந்த நாவல் இன்றும் முன்வரிசையில் நிற்பதற்கு இந்த நேர்மையே முதல் காரணம் என்பேன்.

கதையின் திருப்பம் எங்கே நிகழ்கிறது என்று பாருங்கள். பக்கத்து ஊர் செய்த கொலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சிறுவன் இகெமெஃபுனா, கதாநாயகன் ஒகோன்க்வோவின் வீட்டில் மூன்று ஆண்டுகள் பிள்ளையைப் போல வளர்கிறான். தெய்வ வாக்கு வந்ததென்று ஊரார் அவனைக் காட்டுக்குள் அழைத்துப்போய் வெட்டுகிறார்கள். உன்னை அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை, அவன் சாவில் நீ கை வைக்காதே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எச்சரித்திருந்தும், கோழை என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒகோன்க்வோவும் வெட்டுகிறான். அன்றே அவனுடைய சொந்த மகன் நுவோயேவின் மனத்தில் ஏதோ அறுந்துபோகிறது. பிறகு கிறிஸ்தவர்கள் வரும்போது அவர்களுடைய இறையியல் அவனுக்குப் புரிவதில்லை. ஊர் வழக்கப்படி காட்டில் எறியப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையும் கொல்லப்பட்ட இகெமெஃபுனாவும் அவனுக்குள் எழுப்பியிருந்த கேள்விக்கு அவர்களுடைய பாட்டில் ஏதோ ஆறுதல் கிடைக்கிறது. அவ்வளவுதான், போய்விடுகிறான். அந்தத் திருச்சபையில் முதலில் சேர்ந்த பெண், நான்கு முறை பெற்ற இரட்டைப் பிள்ளைகளையும் பறிகொடுத்து ஐந்தாம் முறை கருவுற்றிருப்பவள். அடுத்து வருகிறவர்கள் 'ஓசு' மக்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள் என்று பரம்பரை பரம்பரையாக ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள். மற்றவர்களோடு கல்யாணம் கூடாது, ஊர்க்கூட்டத்தில் இடமில்லை, தலைமுடி வெட்டக்கூடாது, செத்தாலும் தனிக்காட்டில்தான் புதைப்பார்கள். தமிழ் வாசகருக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை. ஓசு இருவர் சபைக்குள் வந்தபோது முதலில் எதிர்த்தவர்கள் புதிதாக மதம் மாறியவர்களே என்பதையும் அச்செபி எழுதிவைக்கிறார்.

சொந்தச் சமூகத்தின் குறைகளை இப்படி எழுதினால், 'அவர்களைத் திருத்தத்தானே நாங்கள் போனோம்' என்று ஆதிக்கம் செய்தவன் சொல்ல வழி ஏற்படாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஆட்சி செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் அதே நாவல் அதே கறார்த்தன்மையோடு சொல்கிறது. ஒரு வெள்ளைக்காரனைக் கொன்றதற்காக அபாமே என்ற ஊரைச் சந்தை நாளில் சுற்றிவளைத்துச் சுட்டுத் தீர்க்கிறார்கள். பேச வாருங்கள் என்று மாவட்ட அதிகாரி கூப்பிட்டதை நம்பிப் போன ஊர்த்தலைவர்கள் ஆறு பேருக்கு விலங்கு மாட்டி, தலையை மழிக்கிறார்கள். அவர்களை விடுவிக்க இருநூறு மூட்டைச் சோழி அபராதம். நீதிமன்றச் சேவகர்கள் ஊரில் போய் இருநூற்றைம்பது என்று சொல்லி மிச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஐம்பது மூட்டையில் காலனிய நிர்வாகம் கீழ்மட்டத்தில் எப்படி நடந்தது என்பது முழுதாகத் தெரிந்துவிடுகிறது. இரட்டைக் குழந்தைகள் காட்டில் எறியப்பட்டது உண்மை என்பதால் அபாமே படுகொலை நியாயமாகிவிடாது. பிளவைப் பயன்படுத்திக்கொண்டவன் அதைக் குணப்படுத்த வந்தவன் ஆகமாட்டான்.

அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு முதலில் தேவை தன்மானம், குறைகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வாதம். பண்பாட்டு அடையாளத்தைக் காக்கப் புறப்படுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இதைச் சொல்கிறார்கள். தன்மானத்தின் அருமை அச்செபிக்குத் தெரியாததல்ல. நைஜீரியர்களைக் கேலிச்சித்திரமாக்கிய ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' நாவலை மாணவப் பருவத்தில் படித்துக் கோபப்பட்டவர் அவர்; 1975-இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக உரையில் நாவலாசிரியர் ஜோசப் கான்ராடை இனவெறியர் என்றே சாடினார். தங்கள் முன்னோர் காட்டுமிராண்டிகளாக வாழவில்லை என்று வாசகர்கள் உணர்ந்தால் போதும் என்பதைத் தம் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதியிருக்கிறார். அந்த நோக்கம் நிறைவேறியதற்குக் காரணமே இக்போ மக்களை அவர் புண்ணியவான்களாக்கிக் காட்டாததுதான். குற்றமே இல்லாத மக்கள் கூட்டம் என்பது காட்டுமிராண்டிக் கூட்டம் என்பதைப் போலவே பொய்ச் சித்திரம். இரண்டிலும் சிந்திக்கிற, தயங்குகிற, தவறு செய்கிற மனிதன் இருக்கமாட்டான். கென்யாவின் கூகி வா தியாங்கோவும் 'த ரிவர் பிட்வீன்' (1965) நாவலில் பெண்ணுறுப்புச் சிதைப்பு என்ற வழக்கத்தை மழுப்பாமல் எழுதியவர்தான்.

'பிறகு' என்று தள்ளிப்போட்டதன் விலையை அச்செபியின் அடுத்த நாவலான 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960) காட்டுகிறது. கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையை 1956-இலேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டது. நாவலில் ஒகோன்க்வோவின் பேரன் ஓபி, லண்டனில் படித்துத் திரும்பியவன், கிளாரா என்ற பெண்ணை மணக்க விரும்புகிறான். அவள் ஓசு. மறுப்பவர் யார்? இகெமெஃபுனாவுக்காகத் தகப்பனையே துறந்து கிறிஸ்தவத்துக்குப் போன அதே நுவோயே, ஐசக் என்ற பெயரில் வேதபோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் உயிரோடு இருக்கும்போது இந்தக் கல்யாணம் நடந்தால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறாள் ஓபியின் தாய். மதமும் ஆட்சியும் மாறியும், சட்டமே வந்தும், வீட்டுக்குள் ஓசு அப்படியே இருக்கிறது.

அச்செபியின் பார்வைக்கும் எல்லை உண்டு. ஒகோன்க்வோவிடம் அடிவாங்கும் மனைவியர் அந்த முதல் நாவலில் ஓரத்திலேயே நிற்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களை நடுவில் நிறுத்த ஃப்ளோரா நுவாபாவின் 'எஃபுரு' (1966) வரவேண்டியிருந்தது. 'சிதைவுகள்' நாவலைப் பாடத்தில் வைக்கும் கல்லூரிகள் அதைத் தனியாக வைக்காமல், 'நோ லாங்கர் அட் ஈஸ்', 'எஃபுரு' இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். அப்போது, மதம் மாறிய பிறகும் கிளாராவுக்கு ஏன் கல்யாணம் நடக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள்.