சந்தா கட்டினால்தான் சக ஆசிரியர்

வெளிநாட்டுப் பள்ளி வேலைக்குப் புறப்படும் நம் ஆசிரியர்கள் சம்பளம், விசா, வீட்டு வாடகை எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். பள்ளி விட்ட பிறகு மற்ற ஆசிரியர்கள் ஒன்றுகூடும் இடத்துக்குத் தாமும் போக வேண்டுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் கடலோரச் சிறு நகரம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். என் கருத்து இது: போக வேண்டும், மற்றவர்களைப்போலத் தன் பங்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பணத்தைப் பள்ளியும் கேட்டு வாங்க வேண்டும்.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். மார்ச் கடைசியில் அந்தப் பட்டியல் உள்ளூர் நாளிதழிலேயே அச்சாகும். ஆகவே போகிறவர்களுக்கு ஒரு வழியனுப்பு விருந்து, வருகிறவர்களுக்கு ஒரு வரவேற்பு விருந்து. நடுவில் விளையாட்டு விழா முடிந்த அன்று ஒன்று, டிசம்பரில் ‘போனென்காய்’ எனும் ஆண்டிறுதி விருந்து. இதற்கெல்லாம் அரசுப் பணம் கிடையாது. ஆசிரியர்களே மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மொய் போவதும் அந்தச் சந்தாவிலிருந்துதான்.

விருந்துக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாசலில் சீட்டு எடுத்து, வந்த எண்ணுக்குரிய இடத்தில் உட்கார வேண்டும். தலைமையாசிரியர் பேசி முடித்து, ‘கான்பாய்’ சொல்லும்வரை ஒருவரும் கோப்பையைத் தொடுவதில்லை. தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வதும் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர் நமக்கு ஊற்றுவார், நாம் அவருக்கு ஊற்ற வேண்டும். பகலெல்லாம் முகத்தை நிமிர்த்த நேரமில்லாமல் கோப்பு பார்க்கும் துணைத் தலைமையாசிரியர், பாட்டிலும் கையுமாக ஒவ்வொருவர் முன்னாலும் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து நலம் விசாரிப்பார். கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கைதட்டி முடிப்பார்கள்.

நான் மது தொடுவதில்லை, மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. “அப்படியானால் உனக்கு அங்கே என்ன வேலை?” என்று ஊரில் அத்தை கேட்டார். குடிக்காதது அங்கே யாருக்கும் குறையாகப் படவில்லை. சிறு நகரங்களில் எல்லோரும் காரில் வருகிறவர்கள். 2007-இல் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, குடித்துவிட்டு ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே ஊற்றிக்கொடுத்தவருக்கும் கூடவே வண்டியில் ஏறியவருக்கும் தண்டனை உண்டு. ஆசிரியர் மாட்டினால் வேலையே போகலாம். அதனால் ஒவ்வொரு மேசையிலும் “இன்று வண்டி ஓட்டுகிறேன்” என்று ஊலாங் தேநீரோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எனக்கும் அதே தேநீரை, பீர் ஊற்றுகிற அதே மரியாதையோடு ஊற்றினார்கள்.

சாப்பாடுதான் சிக்கல். காய்கறி மட்டும் போட்ட குழம்பில்கூட மீன் சாறு இருக்கும். முந்தின வாரமே ஏற்பாட்டுப் பொறுப்பிலிருந்த ஆசிரியையிடம் சொல்லிவிடுவேன். டோஃபு, காய்கறி தெம்புரா, வெள்ளைச் சோறு என்று தனித் தட்டு வரும். கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஐயாயிரம் யென் போல. சோறும் டோஃபுவும் சாப்பிட்டதற்கு அவ்வளவா என்று கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். நான் பார்க்கவில்லை.

ஏனென்றால் கிடைத்தது வேறு. ஆசிரியர் அறையில் மாதக்கணக்காகத் தலையசைப்போடு கடந்துபோன அறிவியல் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒருமுறை சீட்டு விழுந்தது. நான் எந்த மாநிலம் என்று விசாரித்தவர், ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998-இல் ஜப்பானில் வெளியானபோது தியேட்டரில் பார்த்த கதையை ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் தன் வகுப்புக்கே என்னைக் கூப்பிட்டார். இன்னொரு விருந்தில், என்னோடு சேர்ந்து பாடம் நடத்தும் ஆங்கில ஆசிரியை தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது, விளையாட்டைக் குறைத்துக் கேட்டல் பயிற்சி கொடுத்தால் நல்லது. பள்ளியில் எத்தனையோ தரம் பேசியிருக்கிறோம். அங்கே அவர் வாயில் வராத வார்த்தை அது. அந்தப் பருவம் முழுக்கப் பாடத்திட்டத்தை இருவரும் மாற்றி அமைத்தோம். லாபம் பிள்ளைகளுக்கு.

இந்த வாய்ப்பு எல்லா வெளிநாட்டு ஆசிரியருக்கும் கிடைப்பதில்லை. 1987-இல் தொடங்கிய ஜப்பான் அரசின் ‘ஜெட்’ திட்டத்தில் உதவி மொழி ஆசிரியராக வருகிறவர்களைப் பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி வாரியமே நேரடியாக வேலைக்கு வைக்கிறது. மற்றவர்களில் பலர் தனியார் நிறுவனங்கள் வழியாக வருகிறார்கள். அதில் ஒருவகை ஒப்பந்தப்படி, பள்ளி ஆசிரியர் அவருக்கு நேரடியாக வேலை சொன்னாலே சட்டச் சிக்கல். வகுப்பைப் பற்றிய பேச்சே நிறுவனம் சுற்றி வரவேண்டும் என்றால், சந்தாப் பட்டியலில் பெயர் எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்த ஒருவர் விளையாட்டு விழாவில் காலையிலிருந்து கூடாரம் கட்டினார், சுண்ணாம்புக் கோடு போட்டார். சாயங்கால விருந்துக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் அழைத்தார்கள், பட்டியலில் அவர் இல்லை.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். 2018-இல் நடந்த ஓ.இ.சி.டி. ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகத் தெரியவந்தது. கலந்துகொண்ட நாடுகளில் அதுதான் அதிகம். சராசரி 38 மணி. கூடுதல் நேரத்துக்குத் தனி ஊதியமும் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்துவந்ததோடு சரி. அதைப் படிப்படியாக 10 சதவீதமாக்க 2025-இல்தான் சட்டம் திருத்தினார்கள். இப்படி உழைத்துக் களைத்தவர்களை ராத்திரியிலும் உட்காரவைப்பதா என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கைக்குழந்தை வீட்டில் இருக்கும் ஆசிரியை கேட்கிறார். நியாயமான கேள்வி. வராதவர் மேல் முகம் சுளிக்கும் விருந்து எனக்கும் வேண்டாம். முதல் விருந்து முடிந்து சிலர் அடுத்த கடைக்குக் கிளம்பும்போது நானும் வணக்கம் சொல்லி வீட்டுக்குத்தான் போவேன்.

அழைப்பை மறுக்கும் உரிமை வேறு, அழைப்பே இல்லாமல் இருப்பது வேறு. உள்ளூர் ஆசிரியர் ஒரு விருந்துக்கு வராவிட்டால் அவர் களைத்திருக்கிறார் என்று அர்த்தம். வெளிநாட்டு ஆசிரியர் வராவிட்டால் அவருக்கு நம்மோடு ஒட்டுதல் இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. இந்த வித்தியாசம் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. பள்ளிகள் ஒப்பந்தம் எதுவானாலும் அவர் பெயரைப் பட்டியலில் எழுதட்டும். ராத்திரி விருந்தைவிடப் பகல் காரியங்களில் முதலில் சேர்க்கட்டும்: பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பறை துடைப்பது, நிலநடுக்க ஒத்திகை, ஆசிரியர் தொடர் ஓட்டம். அங்கே குடியும் இல்லை, குழந்தையை விட்டுவர வேண்டிய அவசியமும் இல்லை.

ஜப்பானுக்கோ வேறு நாட்டுக்கோ பாடம் நடத்தப் போகிறவர்கள் அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரமே போய், ஆசிரியர் சந்தா எவ்வளவு, யாரிடம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். எதைச் சாப்பிட மாட்டீர்கள், எதைக் குடிக்க மாட்டீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டில் வருகிற விருந்துகளுக்காவது போய்விட்டு வாருங்கள். பிறகு எதற்குப் போவது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.