விராலுக்கு எந்தக் கோல்?

"பட்டுப் புடைவை எடுக்க ஆரணிக்குப் போனவள் மீன் தூண்டிலைப் பற்றி எழுதுகிறாளே!" என்று நீங்கள் மூக்கின்மேல் விரலை வைப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கொஞ்சம் காதும் கொடுங்கள். விடுமுறை வந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள், "அம்மா, ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கப் போகிறேன், கோல் வாங்கிக் கொடு" என்று வந்து நிற்பான். அப்போது நான் விழித்ததுபோல் நீங்கள் விழிக்க வேண்டாம்.

என் அக்காவை ஆரணியில் கொடுத்திருக்கிறது. மாமா பட்டுத் தறி நெய்கிறவர். அக்கா மகன் பரீட்சையில் தேறினான் என்று, சித்தி என்ற ஹோதாவில் நான் சென்னையிலிருந்து ஒரு தூண்டில் கோல் வாங்கிப் போனேன். பெரிதாக இருந்தால் பெரிய மீன் வரும் என்று கடையில் சொன்னார்கள், நம்பி வாங்கிவிட்டேன். 12 அடிக் கோல்! பஸ்ஸில் அதை ஏற்றுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமா அதை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல கோல்தாம்மா. கடற்கரையிலே நின்னு அலைக்கு அப்பாலே வீசறதுக்கு ஏற்பட்டது. நம்ம ஏரியிலே வீசினா எதிர்க்கரையிலே மேயற மாடுதான் மாட்டும்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பையன் தன் சேமிப்பில் இன்னொரு கோல் வாங்கினான். மெல்லியது, லேசானது, நுனியைத் தொட்டால் நாணல்போல் வளையும். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். ஏரி மீனை ஏலம் எடுத்தவரிடம் மாமா முன்பே சொல்லி வைத்திருந்தார். இதை நீங்களும் மறக்காதீர்கள். நம் ஊர் ஏரிகள் பலவற்றில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும்.

ஆகாயத்தாமரை ஓரமாக ரப்பர் தவளை தத்தித் தத்திப் போயிற்று. திடீரென்று தண்ணீரில் 'பொளக்' என்று ஒரு சத்தம்! தவளையைக் காணோம். பையன் இழுத்தான். கோல் வில்லாக வளைந்ததே தவிர மீன் அசையவில்லை. அது நேரே தாமரை வேருக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டது. நரம்பு அறுந்தது. வாயில் முள்ளோடு அந்த விரால் போய்விட்டது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும் வரையில் பேசவே இல்லை. சோற்றில் கை வைத்த பிறகுதான், "பிடிச்சா சாப்பிடலாம், இல்லே விட்டுடலாம். இப்படி ரெண்டுங்கெட்டானா முள்ளோட அனுப்பக் கூடாதுடா" என்றார். பையனுக்கு கண்ணில் நீர் முட்டிவிட்டது. பரிசு கொடுத்த சித்திக்கும்தான்.

அன்று இரவு தறியின் பக்கத்தில் உட்கார்ந்து மாமா சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இந்த ரப்பர் தவளை அமெரிக்காவில் பாஸ் என்கிற மீனுக்காகப் பேர்பெற்ற சரக்கு. அந்த மீன் நம் ஏரியில் இல்லை. ஆனால் நம் விராலும் அதைப்போலவே பாசியிலும் அல்லி இலையின் அடியிலும் ஒளிந்திருந்து இரை பிடிக்கிறது. காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும் மீன் வேறு! தவளையின் முதுகை ஒட்டி இரண்டு முள் மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதனால்தான் பாசியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மீன் கவ்வி, ரப்பர் உடம்பு நசுங்கினால்தான் முள் வெளியே வரும். அந்தத் தடித்த முள் விராலின் கெட்டியான வாயில் ஏற வேண்டும். ஏறிய கையோடு மீனைப் பாசிக்கு மேலே தூக்கியும் விட வேண்டும். மெல்லிய கோலால் இந்த இரண்டும் நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே தவளைக்கு விறைப்பான கோல் வேண்டும். நீளம் ஏறக்குறைய 7 அடி. கைப்பிடிக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்: 'ஹெவி' என்று இருக்க வேண்டும், எத்தனை கிராம் வரை வீசலாம் என்றும் போட்டிருக்கும். உங்கள் தவளை 12 கிராம் என்றால் அந்த எடை அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். அடி முழுவதும் கட்டை மாதிரி இருந்து, நுனி மட்டும் சற்றே இளகினால் போதும். நுனியும் கட்டையாக இருந்தால் தவளையைத் தத்த வைக்க முடியாது. சிறுவன் கைக்கு அரை அடி குறைந்தாலும் பாதகமில்லை. கோல் அவனை ஆட்டி வைக்கக் கூடாது.

நரம்பு விஷயத்தில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. பட்டு இழை பார்க்கிற விரல் அல்லவா? நைலான் நரம்பை இரு கையாலும் இழுத்துக் காட்டினார். ரப்பர்போல் கொஞ்சம் நீண்டது. தூரத்தில் மீன் கடிக்கும்போது நாம் இழுக்கிற வேகத்தை அந்த நீட்டமே விழுங்கிவிடும். அதனால் தவளைக்குப் பின்னிய நரம்பு, 50 பவுண்டு தாங்கக்கூடியது. நாலு இழையிலும் எட்டு இழையிலும் கிடைக்கிறது. 1938இல் நைலான் வெளிவருவதற்கு முன் மேல்நாட்டார் பட்டிலேயே தூண்டில் கயிறு பின்னிக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொன்னதும் மாமாவுக்கு ஒரே பெருமை. மீன் பிடித்து வந்ததும் அதை அவிழ்த்து உலர்த்தாவிட்டால் இற்றுப் போகுமாம். "பட்டுன்னா சும்மாவா!" என்றார்.

மூங்கில் மட்டும் குறைந்ததா? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் பிளந்து ஒட்டிய கோல் செய்ய நம் நாட்டிலிருந்து போன 'கல்கத்தா மூங்கிலை'த்தான் தேடினார்கள். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹெச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்காரர் ஏரி குளத்து மீன்பிடிப்பைப் பற்றியே 1887இல் ஒரு புத்தகம் எழுதினார். இப்போது மூங்கிலுக்குப் பதில் கார்பன் வந்துவிட்டது. லேசுதான், ஆனால் தாய்மார்களே, கார்பனில் மின்சாரம் பாயும்! மின்கம்பி போகிற கரையில் அதைத் தூக்கவே விடாதீர்கள். இடி மின்னல் என்றால் கோலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவரச் சொல்லுங்கள்.

கடையில் இன்னொரு சோதனையும் உண்டு. அக்கா கண்டுபிடித்தது என்று அவள் சொல்லிக்கொள்கிறாள்! கோலின் வளையம் ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்குப் பஞ்சை நுழைத்து இழுங்கள். எங்கேயாவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். வேறு கோலை எடுங்கள்.

அப்படியானால் பையன் வாங்கிய மெல்லிய கோல் வீணா? அதுதான் இல்லை. பாசி இல்லாத தெளிந்த தண்ணீரில், மேலே மிதந்து 'க்ளக் க்ளக்' என்று நீர் தெளிக்கும் மர மீன், பிளாஸ்டிக் மீன் இருக்கிறதே, அதற்கு இளகிய கோல்தான் பாந்தம். அவற்றில் மும்முனை முள் சிறிதாகத் தொங்கும். கட்டைக் கோலால் வெடுக்கென்று இழுத்தால் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அங்கே நைலான் நரம்பே போதும். அந்த முள் வீசும்போது கண்ணுக்கும் ஆபத்து; பிள்ளைக்கு ஒரு தொப்பியும் கண்ணாடியும் அவசியம்.

அடுத்த மாதம் விறைப்பான கோலோடு போனோம். 'பொளக்' என்றதும் பையன் பதறவில்லை. நாடா ஒரு தரம் போய்த் திரும்புகிற நேரம் பொறுக்க வேண்டும் என்பது மாமா சொல்லிக் கொடுத்த கணக்கு. பொறுத்தான், தொய்வைச் சுற்றினான், ஓங்கி இழுத்தான். பாசியும் தாமரையுமாக விரால் கரைக்கு வந்துவிட்டது. அக்கா வைத்த குழம்பை வர்ணிக்க ஆரம்பித்தால் பக்கம் போதாது.

திரும்பும்போது அல்லி ஓரத்தில் தண்ணீர் செக்கச் செவேலென்று கொதித்தாற்போல் இருந்தது. விரால் குஞ்சுகள்! நூற்றுக்கணக்கில் பந்தாகத் திரண்டு மூச்சு வாங்க மேலே வந்திருந்தன. கீழே தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த இடத்தில் தவளை விழுந்தால் பசியில்லாவிட்டாலும் குஞ்சுக்காகப் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். பையன் கோலை ஓங்கினவன் மாமாவைப் பார்த்தான். மாமா ஏரியைப் பார்த்தார். பையன் முள்ளைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

நான் வாங்கிப் போன 12 அடிக் கோல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அக்கா அதன் நுனியில் ஒரு கொக்கி கட்டி முருங்கைக்காய் பறிக்கிறாள்.