"ஜெபிச்சுப்போட்டுச் சொல்லுறன்"

நம் சபைகளில் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. உண்மையாகவே ஜெபித்துவிட்டு வந்து பதில் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பல வேளைகளில் இது "என்னால் ஏலாது" என்பதன் மேல் போர்த்திய போர்வை என்பது, சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

"இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது நம் மக்களுக்குக் கடினம். விடைபெறும்போதுகூட "போறன்" என்னாமல் "போட்டு வாறன்" என்கிறவர்கள் நாம். அந்த மென்மை அழகானது, அதை இழக்கத் தேவையில்லை. ஊரில் ஒருவர் "பாப்பம்" என்றால், அந்தக் குரலையும் முகத்தையும் வைத்தே வரமாட்டார் என்று விளங்கிவிடும். இங்கே லண்டனில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பிக்கு அது விளங்காது. வாட்ஸ்அப்பில் வரும் "பாப்பம்" என்ற சொல்லுக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் எடுக்கிற தாயை எண்ணிப் பாருங்கள். சமையல்காரர் முன்கூட்டியே ஆட்கணக்குக் கேட்பார். தட்டுக்கு இவ்வளவு என்று காசு. முப்பது குடும்பங்கள் "பாப்பம்" என்றால் அவர் எத்தனை தட்டுக்குக் கட்டுவது? நாம் மரியாதை என்று நினைத்துச் சொன்ன சொல்லுக்கு அவர் காசு கொடுக்கிறார்.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பனும் இரண்டு மகன்மாரும் வருகிறார்கள். திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னபோது மூத்தவன் மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் மரியாதையாகச் சம்மதித்தான், ஆனால் போகவில்லை. பேச்சைமட்டும் பார்த்தால் இரண்டாமவனே நல்ல பிள்ளை. தோட்டத்தில் வேலை நடந்ததா என்று பார்த்தால் கதை வேறு.

நம் இளையோரிடையே இந்த இரண்டாம் மகன் எல்லா இடத்திலும் இருக்கிறான். மே, ஜூன் மாதங்களில் ஜிசிஎஸ்இ, ஏ லெவல் பரீட்சைகள். அதே மாதங்களில் கீபோர்ட் வாசிக்கவும், ஞாயிறு பள்ளியில் படிப்பிக்கவும், கதிரை அடுக்கவும் ஆட்கள் தேவை. கேட்ட அன்ரியின் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டிவிட்டு, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு "சொறி அன்ரி" என்று செய்தி போட்டால், மறுநாள் காலை அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது? எப்போதும் வருகிற அதே மூன்று பேரின் தலையில்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பாபிலோனில் தானியேல் ராஜாவின் உணவை வேண்டாம் என்றபோது சண்டை பிடிக்கவில்லை, வேண்டிக்கொண்டான். தன் தலை போய்விடுமோ என்று அதிகாரி பயப்படுவதையும் தெரிந்துகொண்டான். அதனால்தான் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று விசாரணைக்காரனிடம் ஒரு வழியைச் சொன்னான். கேட்கிறவரின் சங்கடத்தையும் கணக்கில் எடுப்பதுதான் பணிவான மறுப்பு.

அப்படியானால் நாம் எப்படிச் சொல்லலாம்? "அன்ரி, என்னை நினைச்சுக் கேட்டதுக்கு நன்றி. ஜூன் கடைசி வரைக்கும் பரீட்சை, இந்த முறை வாசிக்க ஏலாது. ஜூலையில இருந்து வாறன்." இவ்வளவு போதும். கேட்ட ஓரிரு நாளுக்குள் சொல்லவேண்டும். பொய்க் காரணம் வேண்டாம், மறுநாள் இன்ஸ்டகிராம் படமே காட்டிக்கொடுத்துவிடும். ஜூலையில் வர எண்ணம் இல்லையென்றால் ஜூலையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். வீடு தேடி வந்து அழைப்பிதழ் தந்தவர்களுக்கு அழைத்துப் பேசியே சொல்வோம், எமோஜி போதாது.

"ஆண்டவருடைய வேலைக்கு முடியாது என்று சொல்வதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சோம்பலுக்கு மரியாதையான பெயர் வைக்க நாம் சொல்லவில்லை. மறுக்குமுன் நமக்கு நேரமில்லையா, மனமில்லையா என்று நம்மையே கேட்போம். ஆனால் அப்போஸ்தலர்கூடப் பந்திவிசாரிப்பைத் தாங்களே சுமக்காமல், அதற்கென்று ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த வேலையும் நடந்தது, அவர்களுடைய வேலையும் நடந்தது.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எல்லார் முன்னாலும் மைக்கில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். "கர்த்தருக்காக இதைக்கூடச் செய்யமாட்டியா?" என்று மடக்காதீர்கள். "முடியாது" என்று சொல்ல இடமில்லாத பிள்ளையிடமிருந்து வரும் "ஓம்" எதற்கும் உதவாது.

டிசம்பர் கரோல் பட்டியல் விரைவில் சுற்றுக்கு வரும். வருகிறவர்கள் பெயரை எழுதுவோம். வரமுடியாதவர்கள் அதை அன்றைக்கே சொல்லிவிடுவோம்.